தாழி செய்கிறவரின் பெயர் எங்கே?

ஜார்ஜியா என்று நான் சொல்வது அமெரிக்க மாநிலத்தை அல்ல, கருங்கடலை ஒட்டி காகசஸ் மலையடியில் இருக்கும் சின்ன நாட்டை. அந்த நாட்டு ஒயினைப் பற்றிச் சில வருடங்களாக விடாமல் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு வருத்தம் கூடிக்கொண்டே போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அங்கே பழைய முறையில் ஒயின் மண்ணுக்குள்தான் விளைகிறது. க்வெவ்ரி என்று முட்டை வடிவில் ஒரு பெரிய மண் தாழி. வாய் மட்டும் வெளியே தெரியும்படி தரையில் புதைத்திருப்பார்கள். நம் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டென்று பிடிபடும். கிழக்கே ககேத்தியில் திராட்சையை மிதித்து, சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் உள்ளே விடுகிறார்கள். நொதிக்கும் நாட்களில் தினமும் பல தடவை கிளறி, மேலே எழும்பும் தோலை அமுக்கிவிட வேண்டும். அது அடங்கியதும் வாயை மூடிவிடுவார்கள். அப்புறம் வசந்தத்தில்தான் திறப்பார்கள். சூடு ஏறாமல் மண்ணே பார்த்துக்கொள்ளும். அடி கூம்பியிருப்பதால் விதைகள் அங்கே போய்த் தங்கிவிடும், கசப்பு அதிகம் இறங்காது. வெள்ளைத் திராட்சையின் சாறு மாதக்கணக்கில் தோலோடு கிடந்து தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

அந்த நாட்டில் கிடைத்த சுமார் 8000 ஆண்டு பழைய பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருந்ததாக 2017இல் ஆய்வு வந்தது. அத்தனை பழைய பழக்கம், சோவியத் காலத்தில் கிட்டத்தட்ட முடிந்தே போயிருக்கும். 500க்கும் மேற்பட்ட நாட்டுத் திராட்சை வகைகள் உள்ள மண்ணில், ர்காட்சிதெலி, சபெராவி போன்ற சிலவற்றை மட்டும் வைத்துத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் பாட்டில் நிரப்பின. அந்த நாளில் க்வெவ்ரியைக் காப்பாற்றியது கிராமத்து வீடுகள். விற்க அல்ல, வீட்டுக்கும் விருந்தாளிக்கும் என்று வருடம் தவறாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் கையை விட்டுப் போனதும் நாடு மேற்கைப் பார்த்துத் திரும்பியது. அதற்கு முன்பே இத்தாலியில் ஒயின் செய்கிற யோஷ்கோ கிராவ்னர் இந்தத் தாழிகளை வரவழைத்து, 2001 அறுவடையிலிருந்து தன் ஊரில் புதைத்து ஒயின் செய்யத் தொடங்கியிருந்தார். 2013இல் க்வெவ்ரி முறைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. சிறு விவசாயிகள் சொந்த லேபிளில் பாட்டில் போட்டார்கள். ஆண்களின் வேலை என்றே இருந்த இடத்தில் மரினா குர்தானித்சே போன்ற பெண்களும் தங்கள் பெயரில் ஒயின் செய்ய வந்தார்கள். இதையெல்லாம் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 'பழமை கெட்டுவிட்டது' என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் வருத்தம் குயவரைப் பற்றியது.

க்வெவ்ரி சக்கரத்தில் வருவதில்லை. மண்ணைத் திரித்து, சுற்றிச் சுற்றி வைத்துக் கையாலேயே எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்குக் கொஞ்சம் உயரம்தான் ஏற்றலாம். அது இறுகிய பிறகுதான் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் சரிந்துவிடும். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஒன்று நின்று, காய்ந்து, சூளைக்குப் போக மாதங்கள் ஆகும். சூளையில் நாள்கணக்கில் நெருப்பைக் கவனிக்க வேண்டும். வெந்து எடுத்து, சூடு முழுசாக ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூச வேண்டும். எங்கேயோ ஒரு நூல் விரிசல் இருந்தால் மொத்த உழைப்பும் வீண். ககேத்தியின் வர்திசுபானி, மேற்கே இமெரெத்தியின் மகாதுபானி என்று சில ஊர்களில் சில குடும்பங்கள்தான் இன்னும் இதைச் செய்கின்றன. தகப்பனிடமிருந்து மகன் கற்ற வேலை. களிமண் எந்த இடத்தில் எடுப்பது, எப்போது அடுத்த சுற்றை ஏற்றுவது என்பதை எழுதிவைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஒயின் செய்பவர்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன, படங்கள் வருகின்றன. தாழிக்குக் கிராக்கியும் கூடியிருக்கிறது. ஆனால் அதைச் செய்கிறவரை யார் கேட்கிறார்கள்? நல்ல க்வெவ்ரி நூறு வருடம்கூட மண்ணில் கிடக்கும். குயவரின் கை ஓய்ந்தாலும் யாருக்கும் உடனே தெரியாது. பழைய தாழிகள் உடையத் தொடங்கும்போதுதான் தெரியும். அப்போது தேடினால் ஆள் இருக்கமாட்டார். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது பாட்டிலில் திராட்சை வகை, ஊர், ஆண்டு, தோட்டக்காரர் பெயர் எல்லாம் அச்சாகிறது. 'க்வெவ்ரியில் செய்தது' என்றும் பெருமையாகப் போடுகிறார்கள். அதற்குக் கீழே, அந்தத் தாழியைச் செய்தவரின் பெயருக்கு ஒரே ஒரு வரி வேண்டும்.