ஸ்கைரிம் முகப்புப் பாடலின் மொழி: ஒரு திருத்தம்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் முகப்புத் திரையில் ஆண்குரல்கள் திரண்டு பாடும் பாடல் ஓர் இலத்தீன் வழிபாட்டுப் பாடல் என்று கோவை அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே எடுத்துப் பகிர்வதால் பணிவுடன் திருத்த விரும்புகிறேன். அது இலத்தீன் அன்று. 2011இல் வெளிவந்த அந்த விளையாட்டுக்கென்றே பெதெஸ்டா நிறுவனத்தார் உருவாக்கிய டிராகன் மொழி. இசை ஜெரமி சோல் அமைத்தது.

விளையாட்டை வைத்திருக்கும் எவரும் இதைத் தாமே சரிபார்க்கலாம். பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் 'டோவாகீன்' (டிராகன் பிறப்பினர்) என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு கதையைத் தொடங்கினால், முதல் டிராகனை வீழ்த்திய பிறகு மலையுச்சித் துறவிகள் இடிபோல் முழங்கி நாயகனை அழைப்பது அதே சொல்லால்தான் என்பது விளங்கும். முழக்கங்களின், அதாவது நாயகன் டிராகன் மொழிச் சொற்களை முழங்கி ஏவும் ஆற்றல்களின், பட்டியலைத் திறந்தால், கற்றுக்கொண்ட அம்மொழிச் சொற்களுக்குப் பொருளும் அங்கேயே தரப்பட்டிருக்கும்.

அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு வளர்ந்த கொங்கு மக்களுக்கு, நாயகனைப் பாட்டாலேயே அழைக்கும் வலிமை புதிதன்று. இந்தப் பாடலும் விளையாடுபவரையே அழைக்கிறது. இலத்தீன் என்று கொண்டால் அந்த அழைப்பு காதில் விழாமலே போய்விடும்.