வனேசா திருவெண்காட்டில் பிறந்த பெயர் இல்லை
அண்ணே, வனேசா என்றால் வனம், ஈசா இரண்டும் சேர்ந்தது, திருவெண்காட்டுச் சிவன் சுவேதாரண்யேஸ்வரர் (ஆரண்யம் என்றாலும் வனம்தான்) பெயரிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. சொற்புணர்ச்சி பொருந்துகிறது, சரி, ஆனால் இந்தப் பெயர் அப்படி வரவில்லை. அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வான்ஹோம்ரிக்குக்காகக் கட்டிய பெயர் இது: குடும்பப் பெயரின் தொடக்கத்திலிருந்து 'வான்', எஸ்தரின் செல்லச் சுருக்கத்திலிருந்து 'எஸ்ஸா'. அவளைப் பற்றி அவர் எழுதிய கவிதை அச்சானது 1726-ல், பாவம், அவள் 1723-லேயே இறந்துவிட்டாள். அப்புறம் 1807-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கும் இதே பெயரை வைத்தார்.

அழகான பெயர்தான், சீர்காழிப் பக்கம் யார் வேண்டுமானாலும் பிள்ளைக்கு வைக்கட்டும், ஆனால் சுவாமி பெயர் என்று நம்பவைக்காதீர்கள். திருவெண்காட்டுப் பெயர்தான் வேண்டும் என்றால் அங்கே அம்பாள் பிரம்மவித்யாம்பிகை, வித்யா என்று வைக்கலாமே.