மாறியது பெயர்ப் பலகை மட்டுமல்ல

முறைகேட்டில் சிக்கிய உளவுத்துறையைக் கலைப்பது வெறும் கண்துடைப்பு, பெயர்ப் பலகைதான் மாறும், அதே ஆட்கள் தொடர்வார்கள் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் கட்டுரையாளர். கொலம்பியாவைப் பார்த்தால் அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை.

அங்கே டாஸ் என்ற உளவு அமைப்பு நீதிபதிகள், பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சியினரின் போன்களை ஒட்டுக்கேட்டது 2009-ல் அம்பலமானது. என்னை உலுக்கியது வேறு விஷயம். ஒரு பெண் பத்திரிகையாளரைப் போனில் எப்படி மிரட்ட வேண்டும் என்று அந்த அலுவலகத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள், மகளையும் பேச்சில் இழுக்கச் சொல்லி! வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான்.

2011-ல் அதிபர் சான்டோஸ் டாஸைக் கலைத்தார். குடிவரவு ஒரு துறைக்கு, மெய்க்காவல் இன்னொரு துறைக்கு என்று வேலைகளைப் பிரித்தார்கள். புதிய உளவு அமைப்புக்குக் குற்றப் புலனாய்வு அதிகாரம் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய மாற்றம். உளவு பார்ப்பதும் வழக்கை விசாரிப்பதும் ஒரே கையில் இருக்கவே கூடாது. பனாமாவில் தஞ்சம் புகுந்த டாஸின் முன்னாள் இயக்குநருக்கும் 2015-ல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

சரி, ஊழியர்கள்? பலர் வேறு அரசுத் துறைகளுக்குப் போனார்கள். கட்டுரையாளரின் கவலை இங்கே நியாயமானது. ஆனால் ஒட்டுக்கேட்கப்பட்டவர்கள் தங்கள் கோப்புகளைப் பார்க்கும் உரிமை பற்றி அவரும் ஒரு வரிகூட எழுதவில்லையே.