புல்லைப் பத்தி ரெண்டே வரியா?
விம்பிள்டன் டென்னிஸ்னா வெள்ளை டிரஸ், ஸ்ட்ராபெர்ரி கிரீம், ராயல் பாக்ஸ்னு கட்டுரைல நிறைய எழுதியிருக்கீங்க, நல்லாதான் இருக்கு, ஆனா மெயின் மேட்டரே புல்லுதானே சார், அதுக்கு ரெண்டே வரி. 1877ல முதல் போட்டி வச்சதே மைதானத்து ரோலர ரிப்பேர் பண்ண காசு சேர்க்கத்தான்னு சொல்வாங்க. 22 பேர் ஆடி ஸ்பென்சர் கோர் ஜெயிச்சார்.

2001ல புல் ரகத்தையே மாத்தி முழுக்க ரை புல்லா போட்டாங்க, அதுலேர்ந்து பந்து நல்லா எழும்பி வருது. அதுக்கு முன்னாடி, 90கள்ல சாம்ப்ராஸ் ஜெயிச்ச காலத்து வீடியோ எடுத்து பாருங்க, ரெண்டாவது வாரம் வந்தா நெட்டுக்கு போற வழியெல்லாம் தேய்ஞ்சு மண்ணு தெரியும், ஏன்னா அவனவன் சர்வ் போட்ட கையோட முன்னாடி ஓடுவான், இப்ப பின்னாடியே நின்னு ஆடுறதால கோர்ட்டோட பின்கோடு, அதான் பேஸ்லைன், அது மட்டும் பழுப்பா கிடக்கு, நெட் பக்கம் பச்சைப்பசேல்னு இருக்கு. எனக்கு அந்த பழைய ஆட்டம்தான் புடிக்கும். ஆனா 2008 பெடரர் நடால் பைனல் மாதிரி ஒண்ணு பழைய புல்லுல நடந்திருக்குமான்னா, சந்தேகம்தான்.

அப்புறம் நம்ம ராமநாதன் கிருஷ்ணன் பேரே காணோமே? 1960, 61 ரெண்டு வருஷமும் செமி பைனல் போனவரு, முதல்ல நீல் ப்ரேசர், அடுத்து ராட் லேவர்கிட்ட தோத்தாரு, ரெண்டு பேருமே அந்தந்த வருஷம் கப் அடிச்சவங்க. 1954ல ஜூனியர் சாம்பியன் வேற, 1979ல மகன் ரமேஷும் அதே பட்டம். இதையெல்லாம் சேர்த்து இன்னொரு பார்ட் போடுங்க.