பழைய கஞ்சாப் பழக்கமும் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும்

“ஒருமுறை கஞ்சா தொட்டிருந்தாலே அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதி கிடைக்காது, படிவத்தில் சொல்லாதீர்கள்” என்று பரவுகிறது. பாதுகாப்பு அனுமதி என்பது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் அனுமதி. அதற்கு அப்படி விதி இல்லைங்க. சட்டத் தடை, இப்போதும் போதைப்பொருள் எடுப்பவருக்குத்தான். பழைய பழக்கம் என்றால் எப்போது, எத்தனை முறை, விட்டதற்கு என்ன ஆதாரம் என்று எடைபோடுவார்கள். இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் கணக்கில் வரும். இந்த அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23ஆம் பிரிவு பொதுவாகக் கேட்பது கடந்த 7 ஆண்டுகளைத்தான் (அனுமதி கையில் இருந்தபோது எடுத்தீர்களா என்பது போன்ற சில கேள்விகளுக்குக் கால வரம்பில்லை). மறைப்பதுதான் பெரிய ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை. அனுமதி தரலாமா என்று முடிவு செய்வதற்கான விதிகளைச் சொல்லும், 2017இல் நடைமுறைக்கு வந்த சீட்-4 (SEAD-4) ஆணை, தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் போதைப்பொருள் பற்றிய ‘வழிகாட்டுதல் எச்’ (Guideline H), பத்தி 26ஐப் படித்துப் பாருங்கள்.