பேருந்து வீட்டுப் பக்கத்திலேயே நிற்கட்டும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ராச்செஸ்டர் ஊருக்கு அருகே, 2018 அக்டோபர் 30 அன்று, விடிந்தும் விடியாத பொழுதில் பள்ளிப் பேருந்தில் ஏறுவதற்காக மாநில நெடுஞ்சாலை 25-ஐக் கடந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், எதிரே வந்த பிக்கப் வண்டி மோதி இறந்தனர். அக்காவுக்கு 9 வயது. இரட்டையரான தம்பிகளுக்கு 6 வயது. பேருந்தின் சிவப்பு விளக்குகள் மின்னிக்கொண்டுதான் இருந்தன. விளக்குகளைப் பார்த்ததாகவும், அது பள்ளிப் பேருந்து என்று தனக்குப் புரியவில்லை என்றும் வண்டியை ஓட்டி வந்த பெண் சொன்னார். 2019இல் அவருக்கு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பிள்ளைகளை ஏற்றி இறக்கச் சிவப்பு விளக்கு மின்ன நிற்கும் பள்ளிப் பேருந்தைத் தாண்டிச் செல்வது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் குற்றம். ஆனாலும், மாநிலப் பள்ளிப் போக்குவரத்து இயக்குநர்களின் தேசியச் சங்கம், பேருந்து ஓட்டுநர்கள் ஒரே நாளில் கண்டு எண்ணியதைக் கொண்டு 2023இல் கணித்தபோது, ஒரு கல்வியாண்டுக்கு 4 கோடியே 35 லட்சம் மீறல்கள் என்று வந்தது. இத்தனையும் கொடியவர்கள் செய்வதல்ல; விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதும் குழப்புகிறது. நியூ ஜெர்சியில் நடுத்திட்டு உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வருபவர் வேகத்தை மணிக்கு 10 மைலாகக் குறைத்தால் போதும். ஆற்றைத் தாண்டி நியூயார்க்குக்குள் நுழைந்துவிட்டால், நடுத்திட்டு இருந்தாலும் நின்றே ஆக வேண்டும். ஜெர்சியில் ஓட்டிப் பழகிய நானே ஒருமுறை அங்கே மெதுவாக ஊர்ந்து கடந்துவிட்டு, பேருந்து ஓட்டுநரின் நீண்ட ஹாரனைக் கேட்ட பிறகுதான் செய்த தவற்றை உணர்ந்தேன்.

சட்டம் எழுதியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். வர்ஜீனியாவின் விதியை 1970இல் திருத்தியபோது 'at' என்ற சிறு ஆங்கிலச் சொல் விடுபட்டுப்போனதால், 'பேருந்தருகே நிற்கத் தவறினால்' என்று இருக்க வேண்டியது 'பேருந்தை நிறுத்தத் தவறினால்' என்று பொருள்படும்படி ஆகிவிட்டது. பேருந்துதான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததே என்று 2010இல் ஒருவர் விடுதலையாகிவிட, மறு ஆண்டு அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தார்கள். (நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் தனித்தனி வினை வைத்திருக்கும் தமிழில் இந்தக் கூத்து நடந்திருக்காது.)

இப்போது எல்லோரும், தாண்டிச் செல்லும் வண்டிகளைப் படம்பிடிக்கப் பேருந்தில் பொருத்தும் கேமராவைத்தான் நம்புகிறார்கள். நியூயார்க் 2019இல் அதற்கு அனுமதி அளித்தது. முதல் முறை என்றால் 250 டாலர் அபராதம் வண்டியின் உரிமையாளருக்குத் தபாலில் வரும், உரிமத்தில் தண்டப்புள்ளி ஏறாது. வசதி உள்ளவருக்கு அது இன்னொரு சுங்கக் கட்டணம், அவ்வளவுதான். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அபராதச் சீட்டு வருவதற்குள் பிள்ளை சாலையைக் கடந்து பல நாள் ஆகியிருக்கும் என்கிறேன்.

பிள்ளை ஏன் சாலையைக் கடக்க வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ராச்செஸ்டரில், விபத்துக்குப் பிறகு, அந்தப் பிள்ளைகள் வாழ்ந்த நடமாடும் வீட்டுக் குடியிருப்புக்கு உள்ளேயே நிறுத்தத்தை மாற்றினார்கள். வேறு பாதுகாப்பான வழி இருக்கும்போது பிள்ளைகளை மாநில நெடுஞ்சாலையின் குறுக்கே நடக்கவிட்டு ஏற்றி இறக்கக் கூடாது என்று இந்தியானா 2019இல் சட்டமும் இயற்றியது. தடம் நீளும், ஓட்டுநர் பற்றாக்குறையில் தவிக்கும் பள்ளி மாவட்டங்கள் (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) முணுமுணுக்கும் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும், இங்கே அமெரிக்காவில் பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்பும் நண்பர்கள், செப்டம்பர் வரை காத்திராமல், நிறுத்தம் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்று இந்தக் கோடை விடுமுறையிலேயே பள்ளி மாவட்டத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் என்று பதில் வந்தால், மாற்றித் தரும்படி அதே கடிதத் தொடரில் கேட்டுவிடுங்கள்.