யூரோ வந்ததும் விலை இரட்டிப்பானதா?

'ஜெர்மனியில் மார்க் போய் யூரோ வந்ததும் விலைவாசி இரண்டு மடங்கானது' என்றொரு தகவல் வேலூர், ராணிப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஐரோப்பாவுக்குத் தோலும் காலணியும் அனுப்பும் வட்டாரம் என்பதால் நம்பவும் ஆள் இருக்கிறது. ஆனால் இது தவறு.

யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தது 2002 ஜனவரி 1. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். ஆகவே 100 மார்க் காலணியின் விலைச்சீட்டு 51.13 யூரோவானது, சம்பளமும் அதே கணக்கில்தான் மாறியது. அந்த மாற்றத்தால் யூரோ நாடுகளில் அவ்வாண்டு கூடிய பணவீக்கம் 0.1 முதல் 0.3 சதவீதப் புள்ளி என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் மதிப்பீடு.

புகைச்சல் முழுப் பொய்யல்ல. உணவகம், காபிக்கடை, முடிதிருத்தகம் போன்ற இடங்களில் மாற்றிய விலையில் வந்த சில்லறையை மேல்நோக்கி முழுத்தொகையாக்கியவர்கள் உண்டு. அடிக்கடி கொடுக்கும் காசு அல்லவா, அதுதான் உறுத்தியது.

2023-இல் யூரோவுக்கு மாறிய குரோஷியாவிலும் இதே புலம்பல். ஆனால் அங்கே யூரோ வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே பணவீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.